நாலாம் நம்பர் ரோலர்

அவர் கையில் ஸ்பேனர் இருக்கும்போது யாரும் அவரிடம் "இது நல்லா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிடக் கூடாது. நீலகிரி மலையில் இருக்கிற நடுவட்டத்தில் எங்கள் வரிசையில் குடியிருந்த எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்ததும் தலையைச் சாய்ப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொருளைப் பார்ப்பார். பிறகு, "ஒரே ஒரு சின்ன வேலை இருக்குதுங்க அம்மணி" என்பார். அந்தச் சின்ன வேலை முடிவதற்குள் பொருள் போய்ச் சேர்ந்திருக்கும்.

என் வீட்டு கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் இருந்தது. பத்து வருடமாக ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஏழைத் தாழ்ப்பாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, காட்டுமாடு முட்டினால்கூடத் திறக்காதபடி செய்து தருகிறேன் என்றார். சொன்னபடி செய்தும் கொடுத்தார். மறுநாள் பால்காரர் திறக்க முடியாமல் திரும்பிப் போனார். கூடலூர் போய்விட்டு வந்த நான் என் சொந்த வீட்டுக்குள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புகுந்து, அட்டைக்கடியோடு வந்து சேர்ந்தேன். காட்டுமாடு மட்டும் வேலியைத் தாண்டிக் குதித்து முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு வந்த வழியே போனது. மறுநாள் அவர் வந்து குளம்படியை அளந்து பார்த்து, "கேட்டுப் பக்கமே வரலீங்களே, பயந்துருச்சு" என்றார்.

முப்பது வருடம் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ஊருக்கே அவர் ஃபிட்டர். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதிலும் ஓர் எழுத்தை மாற்றிப் போடச் சொல்வார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் தோள் உயரத்துக்குத்தான் இருப்பார். என் ஹோம்ஸ்டேயில் இரண்டே அறைகள். அவற்றின் படுக்கை விரிப்புகளையும், ரோட்டோரத்தில் இருந்த இன்னும் மூன்று ஹோம்ஸ்டேக்களின் விரிப்புகளையும் அக்காதான் துவைத்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயும் துவைக்கிற கல்லும் இருந்ததால் நான்கு வீட்டுத் துணியும் அங்கேதான் வரும். எங்கள் ஊர் மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆனியில் கொடியில் போட்ட துணி ஆவணியில் காய்ந்தால் அதிர்ஷ்டம். வாஷிங் மெஷின் வாங்கினோம். காற்றுக்கு ஒரு மரம் சாய்ந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது, வந்தாலும் பாதி வோல்டேஜ்தான் வரும். டிரையர் மோட்டார் இரண்டு தடவை புகைந்ததும் அதை நிறுத்தி மேலே வெங்காயக் கூடை வைத்துவிட்டேன். பிறகு எல்லாம் அக்காவின் கைதான். இரட்டைக் கட்டில் விரிப்பின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி முறுக்கிப் பிழிந்து எடுப்பார். நான் அவரை முதன்முதலில் பார்த்தபோதே இரண்டு மணிக்கட்டிலும் துணி சுற்றியிருந்தது.

அந்த மணிக்கட்டைப் பார்த்துத்தான் நான் வாயை விட்டேன். "அந்தக் காலத்துல துரைமார் பங்களாவுல ரெண்டு ரோலருக்கு நடுவுல துணியை விட்டுப் பிழிவாங்களாமே, அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேண்ணா" என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

"ரோலருங்களா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "முப்பது வருசம் ரோலரக் கட்டி மேய்ச்சவனுங்க நானு. ஒரே வாரம் குடுங்க."

ஒரே வாரத்தில் ஒன்றாம் நம்பர் வந்துவிட்டது. இரண்டு இரும்புக் குழாய், ஒரு கைப்பிடி, ஓரத்தில் இரண்டு பல்சக்கரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் புத்தம்புது வெள்ளை விரிப்பை ஒரு பக்கம் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். மறுபக்கம் விரிப்பு நார் நாராக வந்தது. அவர் கிழிந்த துண்டை எடுத்து, பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "கட்டிங் நல்லா விழுந்துருக்குதுங்க" என்றார்.

பிறகுதான் அவருக்கே உறைத்தது. டீ ஃபேக்டரியில் இலையை நறுக்கும் இயந்திரத்தில் இரண்டு ரோலரும் எதிரெதிராகச் சுற்றும். ஆனால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றும். அந்த வித்தியாசத்தில்தான் இலை நசுங்கிக் கிழிந்து தூளாகும். முப்பது வருடம் அதையே பூட்டிப் பூட்டிப் பழகிய கை, துணிக்கும் ஒரு பெரிய பல்சக்கரத்தையும் ஒரு சின்னப் பல்சக்கரத்தையும் தேடி எடுத்துப் பூட்டிவிட்டது. "துணிக்கு ரெண்டும் ஒரே வேகத்துல போகோணும். மறந்தே போச்சுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த விரிப்பு இன்றும் என் வீட்டில் அடுப்படிக் கந்தையாக உழைக்கிறது.

இரண்டாம் நம்பருக்கு சில்வர் ஓக் மரத்தைக் கடைந்து ரோலர் போட்டார். மரம் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொண்டு சுற்ற மறுத்தது. மூன்றாம் நம்பருக்கு லாரி டியூபைச் சுற்றினார். விரிப்பெல்லாம் கறுப்புக் கோடு. போதாததற்கு என் வீட்டுக்காரரின் சட்டையைத் தெரியாமல் அதில் விட்டுவிட, பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து, ஒன்று என் நெற்றியிலேயே பட்டது. "பொத்தானுக்கு வழி விடோணும், அழுத்தமும் கொறையக் கூடாது" என்று முனகிக்கொண்டே போனவர் ஒரு வாரம் வீட்டை ஒட்டிய பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

நாலாம் நம்பர் வந்தபோது ஆடி பிறந்திருந்தது. கோயமுத்தூர் போய் ரோலர்கள் மீது வெள்ளை ரப்பர் வார்த்து வாங்கி வந்திருந்தார். மேல் ரோலரின் இரண்டு பக்கமும் பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங். தடித்த துணி வந்தால் ரோலர் தானே மேலே எழும்பி வழி விடும், மெல்லிய துணி வந்தால் அழுத்தும். விரிப்பை விட்டார். இந்தப் பக்கம் தண்ணீர் கொட்டியது. அந்தப் பக்கம் விரிப்பு பலகை போலத் தட்டையாக வந்தது. பொத்தான் வைத்த சட்டை பொத்தானோடு வந்தது. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் என்னை மறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா!"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஃபிட்டர் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடியாகிவிட்டது. "இல்லீங்க அம்மணி. எடப்பக்கத்து ஸ்பிரிங் ஒரு நூல் அளவு தொய்வா இருக்குது. இது ஆவாது. அடுத்தது பாருங்க" என்றார். மறுநாளே அதை ஒதுக்கி வைத்து ஐந்தாம் நம்பருக்குப் படம் போட ஆரம்பித்துவிட்டார். "அதக் காயலான் கடக்காரன் வந்தா போட்டுரு புள்ள" என்று அக்காவிடம் உத்தரவு.

அக்கா போடவில்லை. ஃபிட்டர் ஊட்டிக்குப் போயிருந்த ஒரு பகலில் நானும் அக்காவும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் விறகுக் கொட்டகைக்குள் நிறுத்தினோம். கைப்பிடி அக்காவுக்கு எட்டவில்லை. எமரால்டு ஊரிலிருந்து கேரட் வந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சுற்றினார். சாயங்காலம் அவர் வந்து, "காயலான் கடக்காரன் என்ன குடுத்தான்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அசரவில்லை. கூடலூரில் வாங்கி வைத்திருந்த அரைக் கிலோ பேரீச்சம்பழத்தை எடுத்து முன்னால் வைத்தார். நாலாம் நம்பரை அவர் ரசித்து ரசித்துத் தின்றார்.

ஐந்தாம் நம்பர் முதல் அக்காவின் கைதான் அவருக்கு அளவுகோல். "என்ற ஊட்டுக்காரி கையால பிழியறத விட ஒரு சொட்டாச்சும் கூடப் பிழிஞ்சாத்தான் அது மெசினு" என்று தீர்மானம் போட்டார். ஞாயிறுதோறும் பரீட்சை. ஒரே மாதிரி இரண்டு விரிப்பை நனைத்து, ஒன்றை அவர் மெஷினில் பிழிவார். இன்னொன்றை அக்கா கையால் பிழிய வேண்டும். பிறகு இரண்டையும் தேயிலை எடை போடும் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார்.

"நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கையில வலுவே வராதுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா விரிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கொட்டகைக்குள் கேரட் பெட்டி மேல் ஏறி, நாலாம் நம்பரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக விட்டு எடுத்துக்கொண்டு போவார். தராசில் அக்காவின் விரிப்புதான் எப்போதும் லேசாக இருக்கும். அவர் தன்னோடு தானே மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருப்பது தெரியாமல், தாடையைத் தடவிக்கொண்டு மறுபடியும் பட்டறைக்குள் போவார்.

"ஏனுங்கக்கா, உண்மையச் சொல்லிரலாமே, பாவமா இருக்குது" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா அன்னைக்கே இதக் கழட்டிப் போடுவாருங்க. கூடலூரு டாக்டரு இனிமே முறுக்கற வேலையே கூடாதுன்னுட்டாரு. இது போச்சுன்னா நாலு ஊட்டுத் துணிய நான் என்னத்த வச்சுப் பிழியறது?" என்றார். கொஞ்ச நேரம் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பறம் இன்னொண்ணுங்க அம்மணி. கட்டிட்டு வந்து முப்பத்தி ரெண்டு வருசத்துல எங்கிட்ட ஒண்ணு நல்லா இருக்குதுன்னு அவரு சொன்னதே கெடையாது. ரசம் வச்சாக்கூட ஒரு சின்ன வேலை இருக்குதும்பாரு. இப்பத்தானுங்க டீக்கடையில உக்காந்து என்ற கையப் பத்திப் பேசறாரு."

பேசினார்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற டிரைவரைக்கூட விடமாட்டார். "ரப்பர் தேயுமுங்க, ஸ்பிரிங் தொய்யுமுங்க. என்ற ஊட்டுக்காரி கை இருக்குது பாருங்க, அதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்பார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சான்றிதழ் உலகத்தில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அதைக் கேட்டுவிட்டு வந்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் ஐந்து, ஆறு எல்லாம் வந்து போயின. ஏழாம் நம்பரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். கை இரண்டும் துணியைப் பிடிக்கச் சும்மா இருக்கட்டும் என்று அதற்கு சைக்கிள் பெடல் வைத்தார். ரோலர் தப்பித் தவறிப் பின்னால் சுற்றிவிடாதபடி ஒரு கொண்டியும் வைத்தார். ஏறி உட்கார்ந்து உற்சாகமாக மிதித்தவரின் வேட்டி நுனி ரோலருக்குள் போயிருக்கிறது. பின்னால் சுற்ற வழியில்லை. முன்னால் சுற்றினால் வேட்டி இன்னும் உள்ளே போகிறது. ரோலருக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு ஜாண் வேட்டி மிச்சம் இருந்தபோது அவர் போட்ட கூச்சலில் நாங்கள் ஓடினோம். அக்கா கத்தரிக்கோலை எடுத்ததும், "வேட்டிய வெட்டாத புள்ள, கொண்டியக் கழட்டு!" என்று கத்தினார். நான் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே வந்த வேட்டியை அவர் தராசில் போட்டுப் பார்த்ததாக அக்கா பிறகு சொன்னார்.

ஒன்பதாம் நம்பர் முடிந்த சமயத்தில், ஊட்டி ரோட்டில் புதிதாக வந்த ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் இவரைத் தேடி வந்தார். அங்கேயும் கரண்ட் கஷ்டம்தான். மெஷின் நன்றாக வேலை செய்தால் நான்கு வேண்டும் என்றார். வருகிற ஞாயிறு வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஃபிட்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வாட்டி பரீட்சை வெளியில, எல்லாரு முன்னாலயும் அம்மணி. நம்பர் ஒம்பது தோத்தாலும் பரவால்லீங்க. என்ற ஊட்டுக்காரி கைய நாலு பேரு பாக்கோணும்."

"அக்காவுக்கு ஆளுக பாத்தா வராதுன்னாங்களே" என்று இழுத்தேன். "அதெல்லாம் முப்பத்தி நாலு வருசத்துல போயிருக்கும் அம்மணி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அக்கா சனிக்கிழமை சாயங்காலம் வந்து கேரட் பெட்டி மேல் உட்கார்ந்தார். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று இருவரும் யோசித்தோம். ஆனால் ஃபிட்டர் டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாராம். "ஒரே ஒரு தடவதானுங்களே. பல்லக் கடிச்சுட்டுப் பிழிஞ்சர்றேன்" என்று சொல்லி எழுந்தார். எனக்கு ஃபிட்டர் மேல் கோபம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூறல் நின்றிருந்தது. ஃபிட்டர் வீட்டு வாசலில் இருபது பேர் இருப்பார்கள். மேனேஜர் குடையும் செல்ஃபோனுமாக முன்வரிசையில். ஒன்பதாம் நம்பர் விரிப்பைப் பிழிந்து தந்தது. ஃபிட்டர் அதைத் தராசில் போட்டு எடையைச் சத்தமாகச் சொன்னார். அடுத்து அக்காவைப் பார்த்துக் கையைக் காட்டினார், கல்யாண வீட்டில் சம்பந்தியை அறிமுகப்படுத்துகிற தோரணையில்.

அக்கா விரிப்பின் ஒரு முனையைக் குழாயில் மாட்டினார். மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. விரிப்பு கையை விட்டுச் சேற்றில் விழுந்தது. அக்கா வலது மணிக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மெஷின் ஜெயிச்சிருச்சு சார்!" என்று மேனேஜர் கை தட்டினார். இன்னும் நாலைந்து பேரும் தட்டினார்கள். இரண்டு வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அந்த மனுஷன் சாகாமல் செத்தார். ஆனால் அவர் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் கையைப் பிடித்து, சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து புள்ள?"

"அது ஆச்சுங்க... நீங்க ஒண்ணாம் நம்பரு போட்டதுக்கு முன்னாலயே."

"அப்ப ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம யாரு பிழிஞ்சது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கள் விறகுக் கொட்டகையைப் பார்த்தேன். ஃபிட்டர் அதைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று நடந்தார். பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் குடையோடு மேனேஜர், அவர் பின்னால் மொத்த ஊரும்.

ஃபிட்டர் கொட்டகைக் கதவைத் திறந்தார். நாலாம் நம்பர் ரப்பரெல்லாம் தேய்ந்து, கைப்பிடி பளபளவென்று நின்றது.

"அப்ப அந்தப் பேரீச்சம்பழம்?"

"கூடலூருல வாங்குனதுங்க."

"அதான பாத்தேன். காயலான் கடப் பழத்துல அவ்வளவு இனிப்பு எங்க வருது?" என்றார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது. கை தானாகச் சட்டைப் பைக்குள் ஸ்பேனரைத் தேடிப் போனது. அக்கா பாய்ந்து மெஷினுக்கு முன்னால் நின்றார். "இதுல மட்டும் கைய வச்சீங்கன்னா பாத்துக்கங்க! என்ற பொழப்பே இதுலதான் ஓடுது!" முப்பத்தி நாலு வருடத்தில் அக்கா அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். கால் கேரட் பெட்டியில் இடித்தது.

"இது எதுக்கு இங்க?"

நான்தான் சொன்னேன். "ஏறி நிக்கறதுக்குங்கண்ணா. அக்காவுக்குக் கைப்பிடி எட்டாது."

அவர் பெட்டியைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். பிறகு அக்காவை, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, ஒரு பொருளை அளக்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். ஒன்பது மெஷின். ஒன்பதையும் தன் நெஞ்சு உயரத்துக்கு வைத்துச் செய்திருந்தார். ஒரு நூல் தொய்வு கண்ணுக்குத் தெரிந்த ஆளுக்கு, கூடவே இருந்த பெண்டாட்டியின் உயரம் தெரியவில்லை. அப்படியே அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

மேனேஜருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. "சார், நாலு மெஷின் எப்போ கிடைக்கும்?" என்றார்.

"உங்க ரிசார்ட்டுல துணி தொவைக்கற அம்மாளுக என்ன ஒசரமுங்க?"

"அது... பார்க்கலையே சார்."

"அளந்துட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

மறுநாள் காலையில் இரும்பு அறுக்கிற ரம்பத்தோடு வந்தார். அக்கா ஒரு கையால் நாலாம் நம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நிற்க, நான்கு காலையும் கேரட் பெட்டி உயரத்துக்குச் சரியாக அறுத்தார். வேறு எதையும் தொடவில்லை. இடது ஸ்பிரிங்கை மட்டும் போகும்போது ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். அக்கா தரையில் நின்று கைப்பிடியைச் சுற்றினார். தண்ணீர் கொட்டியது.

டீக்கடையில் இனி அவர் என்ன பேசப் போகிறார் என்று எனக்கு ஒரே கவலை. அக்காவுக்குக் கிடைத்த ஒரே சான்றிதழும் போயிற்றே என்று நினைத்தேன். அந்த வாரம் பால் பாக்கெட் வாங்கப் போனவள், அவர் குரல் கேட்டுக் கடை ஓரமாக நின்றேன். கூடலூர் பஸ் டிரைவர் மாட்டியிருந்தார்.

"ஒம்பது மெசின் பண்ணுனேனுங்க. அதுல ஒண்ணுதான் உருப்படி. அது எதுன்னு எனக்குத் தெரியல, என்ற ஊட்டுக்காரிக்குத் தெரிஞ்சுருக்குது பாருங்க" என்றார் அவர்.